21 வயதுக்குக் கீழ் மதுசாரம்: யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் ஊர்ச் சங்கங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோர் கூட்டங்களிலும் சனசமூக நிலையங்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறோம். சிலது சட்டம் பற்றியது, சிலது உடம்பு பற்றியது. பெரும்பாலானவை நாங்கள், வளர்ந்தவர்கள், என்ன செய்யலாம் என்பது பற்றியவை. பிள்ளை தானாகப் போத்தல் செய்வதில்லை. அவன் கைக்கு அது வரும் வழியில் எங்கேயோ ஒரு பெரியவர் நிற்கிறார். அந்த இடத்தில்தான் எங்கள் வேலை இருக்கிறது.

இலங்கையில் மதுசாரம் வாங்கச் சட்டப்படி எத்தனை வயது?

21. நிறையப் பேர் 18 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்குரிமைக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் 18 என்பதால் வந்த குழப்பம் அது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு மதுசாரமோ சிகரெட்டோ விற்பது குற்றம். உயர்தரம் எழுதி முடித்த 19 வயதுப் பெடியனுக்கு ஒரு ரின் பியர் விற்றாலும் அது குற்றம்தான்.

கவனித்துப் பாருங்கள், இந்தச் சட்டம் கை நீட்டுவது விற்பவரை நோக்கி. வாங்க வந்த பிள்ளையைப் பிடித்து உள்ளே போடுவதற்காக எழுதப்பட்டதில்லை அது. ஊர்க் கூட்டங்களில் பேசும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்போதுதான் தாய்மார் பயமில்லாமல் வாய் திறப்பார்கள்.

கள்ளுக்கும் அதே வயதா? அது இயற்கையானது என்கிறார்களே?

அதே வயதுதான். பனையிலிருந்து இறங்கும்போது இனிப்பாக இருக்கும் சாறு, முட்டியில் சுண்ணாம்பு பூசாவிட்டால் நொதிக்கத் தொடங்கிவிடும். சில மணித்தியாலங்களில் அதில் மதுசாரம் சேர்ந்து, பியர் அளவுக்கு வந்துவிடும். சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது கருப்பநீர். அதைப் பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பனங்கட்டி காய்ச்சுவதும் அதிலிருந்துதான். ஒரே மரம், ஒரே பாளை. முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பு இரண்டையும் பிரிக்கிறது.

சின்னப் பிள்ளைக்கு "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஒரு பிளாக் கள்ளு கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் விட்டுவிட வேண்டிய பழக்கம் அது.

பியர்தானே, சாராயம் இல்லையே?

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 8.8 சதவீதம் என்று லேபிலில் போட்டிருக்கும் 625 மில்லிலீற்றர் பியர் போத்தலை எடுங்கள். அதற்குள் சுத்த மதுசாரம் மட்டும் 55 மில்லிலீற்றர். 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயத்தில், 33 சதவீதம் என்று வைத்தால், கிட்டத்தட்ட 60. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பெரிய பியரை இரண்டு பெடியள் பங்கிட்டுக் குடித்தார்கள் என்றால், ஆளுக்கு அரைக்கால் போத்தல் சாராயம் குடித்ததற்குச் சமம்.

வளர்ந்த ஆளின் ஈரலே அந்த முழுப் போத்தலைக் கழிக்க நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். தேசிக்காய்த் தண்ணி, மோர், கோப்பி, தலையில் பச்சைத்தண்ணி என்று எதைச் செய்தாலும் அந்த வேகம் கூடாது.

வீட்டில் எங்கள் கண்முன்னே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியில் போய்க் கெட்டுப்போக மாட்டான் என்கிறார்களே?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி இது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரும் இதையே சொல்வதுண்டு: "அங்கே எல்லாம் வீட்டிலேயே கொடுப்பார்கள்." அவுஸ்திரேலியாவில் இதையே ஆராய்ந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோர் கொடுத்ததால் பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மாறாக, வீட்டில் வாங்கிக் குடித்த பிள்ளைகள் அடுத்த ஆண்டில் வெளியிலும் தேடிப் போனது கூடுதலாக இருந்தது. அளவுமீறிக் குடிப்பதும் கூடியிருந்தது.

பிள்ளை எங்களிடமிருந்து அளவைக் கற்றுக்கொள்கிறான் என்று நினைக்கிறோம். அவன் எடுத்துக்கொள்வது அனுமதியை.

அப்படி என்ன பாதிப்பு? ஊரில் எத்தனை பேர் இளவயதில் குடித்துவிட்டு நல்லாய்த்தானே இருக்கிறார்கள்?

மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறத்தாழ 25 வயதாகும். கடைசியாக முதிர்வது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி. யோசித்து முடிவெடுப்பதும் ஆசையை அடக்குவதும் அதன் வேலை. புதிதாகப் படித்ததை நினைவில் பதிக்கும் பகுதியும் இந்த வயதில் மதுசாரத்துக்கு எளிதில் பாதிக்கப்படும். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில் நிற்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது, அடிமையாகும் ஆபத்து. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்கள் பிற்காலத்தில் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு, 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. "நல்லாய் இருக்கிறவர்களை" ஊரில் நாங்கள் தினமும் காண்கிறோம். மற்றவர்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள், அல்லது போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் எங்கள் கணக்கில் அவர்கள் வருவதில்லை.

பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் கிடைக்கிறது?

எல்லோரும் முதலில் பாரைத்தான் காட்டுவார்கள். பார் ஒரு வழி. அதைவிட லேசான வழிகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது வீட்டுக் கொண்டாட்டம். ஒரு கலியாணவீட்டை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் சாப்பாடு நடக்கிறது. பின்வளவில், வானுக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் நாலு கதிரையும். மிக்சர் பக்கற், சோடாப் போத்தல், நடுவில் வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த பெரிய போத்தல். "தம்பி, ஓடிப்போய் ஐஸ் கொண்டு வா" என்று அனுப்பப்படுகிறவனுக்கு 14 வயது. ஐஸ் கொண்டுவருகிறான், கிளாஸ் கழுவிக் கொடுக்கிறான், சோடா ஊற்றிக் கொடுக்கிறான். பெரியவர்கள் சாப்பிட எழும்பிப் போனதும் கிளாசுகளில் மிச்சம் இருக்கிறது, பக்கத்தில் அவனும் அவன் கூட்டாளியும் நிற்கிறார்கள். முதல் வாய் பெரும்பாலும் இப்படித்தான். அங்கே யாரும் எதையும் விற்கவில்லை, கெடுக்க வேண்டும் என்று நினைத்தவரும் ஒருவரும் இல்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு, வீடு குடிபூரல், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் உறவினர் வந்து நிற்கும் ஆடி ஆவணி மாதங்கள், எல்லாவற்றிலும் இதே பின்வளவு இருக்கிறது.

இரண்டாவது விளையாட்டு. சுற்றுப்போட்டியில் வென்றால் "பெடியளுக்கு ஒரு கேஸ் பியர்" என்று யாரோ ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். அணியில் 16 வயதுக்காரர் இரண்டு பேர் இருப்பது அவருக்கு நினைவில் வருவதில்லை.

மூன்றாவது, வீட்டில் வைத்து விற்பவர்கள். போயா நாளிலும் ஒக்ரோபர் 3ஆம் திகதி மதுவொழிப்புத் தினத்திலும் மதுபானசாலைகள் பூட்டு. முதல்நாளே வாங்கி வைத்து, கூடின விலைக்கு விற்கும் ஆட்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பும் இப்படித்தான் கைமாறுகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாத இடத்தில் வயது கேட்க ஒருவரும் இல்லை. பாரில் கேட்டால் "இல்லை" என்று வரக்கூடிய வாய்ப்பாவது உண்டு.

நாலாவது, 21 தாண்டிய அண்ணன்மார். காசைக் கொடுத்தால் வாங்கி வந்து கொடுப்பார்கள். அதை ஒரு உதவியாகத்தான் நினைக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. கையில் செலவுக்குக் காசு தாராளம், மோட்டார் சைக்கிளும் உண்டு. அம்மம்மாவால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு "எங்கேயடா போறாய்" என்று கேட்கத்தான் முடியும். அந்தப் பிள்ளைகளைக் கெட்ட பிள்ளைகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அயல் வீட்டார் கூடுதலாகக் கண் வைக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள்.

இப்போது பெரிய பிரச்சினை ஐஸ் போதைப்பொருள், கஞ்சா, மாவாப் பாக்கு. அதை விட்டுவிட்டு மதுவைப் பிடித்துக்கொண்டு நிற்பதா?

ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கச் சொல்லவில்லை. போதைப்பொருள் பிடிபட்டால் செய்தியாகிறது, பொலிஸ் வருகிறது, ஊர் கொதிக்கிறது. மதுசாரம் சட்டப்படி விற்கப்படும் பொருள் என்பதால் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஒரே கூட்டத்தில், ஒரே ஒழுங்கையில், ஒரே இரவில்தான் நடக்கின்றன. மதுவுக்காக ஊர் செய்யும் ஒழுங்குகள், அதாவது பிள்ளை எங்கே யாரோடு என்று தெரிந்திருப்பது, வெளிச்சமில்லாத இடங்களைக் கவனிப்பது, மாலை நேரத்துக்கு ஒரு வேலை வைத்திருப்பது எல்லாம் மற்றதற்கும் உதவும்.

பாடசாலையில் ஒரு கருத்தரங்கு வைத்தால் போதாதா?

போதாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

வழமையாக என்ன நடக்கிறது? ஒரு வளவாளர் வருவார். புரொஜெக்டரில் கருகிப்போன ஈரலின் படம் போடுவார். மாணவர்கள் "ஐயோ" என்பார்கள், சிலர் சிரிப்பார்கள். ஒரு மணித்தியாலத்தில் முடிந்து, படம் எடுத்து, முகநூலில் போட்டாயிற்று. அமெரிக்காவில் பொலிஸ் உத்தியோகத்தர்களே வகுப்புக்குப் போய் நடத்திய ஒரு பெரிய பாடத்திட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் பழக்கத்தில் அது குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை என்றே தெரியவந்தது. பயமுறுத்தல் கொஞ்ச நாள்தான் நிற்கும். 16 வயதுக்காரனுக்கு 50 வயதில் வரப்போகும் ஈரல் நோய் ஒரு கதை மட்டும்தான்.

பிள்ளைகளோடு பேசும்போது ஓரளவு வேலை செய்பவை வேறு. "எல்லாரும் குடிக்கிறார்கள்" என்ற எண்ணத்தை உடைப்பது ஒன்று. வகுப்பில் பெயரில்லாத துண்டில் எழுதி வாங்கிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் குடிப்பதில்லை என்பது பிள்ளைகளுக்கே புதினமாக இருக்கும். மறுக்கப் பழக்குவது இன்னொன்று. "வேண்டாம்" என்று சொல்வதை வாயால் சொல்லிப் பழக வேண்டும், நாடகம் மாதிரிச் செய்து பார்க்க வேண்டும். "நாளைக்கு மட்ச் இருக்கு", "அம்மா வாசம் பிடிச்சிடுவா" என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும் பதில்கள் எங்கள் அறிவுரையைவிட நன்றாக எடுபடும். விளம்பரத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது மூன்றாவது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதுசார விளம்பரத்தையும், மதுசார நிறுவனங்கள் போட்டிகளுக்கு அனுசரணை கொடுப்பதையும் தடைசெய்திருக்கிறது. அப்படியிருந்தும் படங்களிலும் கைத்தொலைபேசியிலும் கதாநாயகன் கையில் ஏன் எப்போதும் ஒரு கிளாஸ் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் மளமளவென்று பிடித்துக்கொள்வார்கள்.

பாடசாலைக்கு வெளியே ஒரு பெரிய இடம் இருக்கிறது: ரியூசன். இங்கத்தைப் பிள்ளைகள் பாடசாலை நேரத்துக்கு அடுத்ததாகக் கூடுதல் நேரம் செலவழிப்பது தனியார் கல்வி நிலையங்களில். வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே ஒரு அழைப்பு எடுக்கும் நிலையம், பத்துக் கருத்தரங்கு செய்யும் வேலையைச் செய்கிறது.

எங்கள் சனசமூக நிலையம் அல்லது விளையாட்டுக் கழகம் என்ன தீர்மானம் எடுக்கலாம்?

சங்கத்தின் கையில் இருக்கும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். கழக நிகழ்ச்சியிலும் கழக மைதானத்திலும் மதுசாரம் இல்லை, வெற்றிக் கொண்டாட்டத்துக்கும் இல்லை என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, யாப்பில் எழுதுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த நிர்வாகம் வந்ததும் மறைந்துவிடும். வென்ற அணிக்கு என்ன கொடுப்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். ஒரு சாப்பாடு, புதிய ஜேர்சி, ஒரு பயணம், எதுவாக இருந்தாலும் சரி. "இல்லை" என்று சொல்லி இடத்தை வெறுமையாக விட்டால், அந்த வெறுமையை யாரோ ஒருவர் ஒரு கேஸோடு வந்து நிரப்புவார்.

கொண்டாட்ட வீடுகளுக்குச் சட்டம் போட முடியாது. கேட்டுக்கொள்ள முடியும். மாதர் சங்கம் இதில் வல்லது. கலியாணம் நிச்சயமான வீட்டுக்குப் போய், "மது வைக்கிறதும் விடுறதும் உங்கடை விருப்பம். வைச்சாலும் சின்னப் பிள்ளையளை அந்தப் பக்கம் விடவேண்டாம், பரிமாற விடவேண்டாம், ஒரு பெரியாள் கடைசிவரைக்கும் மேசையைப் பார்க்கட்டும்" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. முழுதாக நிறுத்தச் சொல்லிப் போனால் வாசலிலேயே சண்டை வரும். இப்படிக் கேட்டால் தேத்தண்ணி தந்து அனுப்புவார்கள்.

மண்டபமும் மைதானமும் வாடகைக்கு விடும் சங்கங்கள், கோயில் தர்மகர்த்தா சபைகள், பிரதேச சபைகள் எல்லாம் வாடகைப் பத்திரத்திலேயே இந்த நிபந்தனையை எழுதலாம். வைப்புப் பணத்தை அதோடு கட்டிவிட்டால் நிபந்தனைக்குப் பல் முளைக்கும்.

ஊரில் புதிய மதுபானசாலை வரப்போகிறதாம். தடுக்க முடியுமா?

முடிந்த இடங்கள் உண்டு. ஆனால் திறந்த பிறகு ஆர்ப்பாட்டம் செய்வதைவிடத் திறக்கமுன் கடிதம் எழுதுவது பலன் தரும்.

அனுமதிப்பத்திரம் கொடுப்பது மதுவரித் திணைக்களம். பிரதேச செயலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பாடசாலையிலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே கடிதத்தில் "எங்கள் கலாசாரம் சீரழிகிறது" என்று ஒரு பக்கம் எழுதுவதைக் குறைத்து, அளந்த தூரத்தை எழுதுங்கள். பாடசாலை வாசலிலிருந்து, முன்பள்ளியிலிருந்து, கோயிலிலிருந்து, தேவாலயத்திலிருந்து எவ்வளவு, எந்தப் பாதை வழியாக, எத்தனை பிள்ளைகள் அந்தப் பாதையால் நடந்து போகிறார்கள் என்று. பாடசாலை அதிபர், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை, பங்குத்தந்தை, மாதர் சங்கம் எல்லோரும் தனித்தனிக் கடிதம் கொடுப்பது ஒரே மனுவில் நூறு கையொப்பத்தைவிடக் கனமானது. கிராம உத்தியோகத்தருக்கு ஒரு பிரதி, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு பிரதி.

தகவல் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பிரதேச செயலகத்தில் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பம் வந்திருக்கிறதா, தூரம் அளந்த அறிக்கை என்ன, யார் பரிந்துரைத்தார்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்தாக வேண்டும். அரசியல் செல்வாக்கால் அனுமதிப்பத்திரம் கிடைக்கிறது என்ற குற்றச்சாட்டு இந்த நாட்டில் பழையது. 2024 டிசம்பரில், அந்த ஆண்டு கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரங்களின் விபரம் நாடாளுமன்றத்திலேயே வெளியிடப்பட்டது. கேட்டால் வெளிவரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஏற்கெனவே இருக்கும் கடைக்கும் அனுமதி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். குறைந்த வயதினருக்கு விற்றதற்கான முறைப்பாடுகள் எழுத்தில், திகதியோடு கோவையில் இருந்தால், புதுப்பிக்கும் நேரத்தில் அவை பேசும். வருடம் முடிய முன்னரே கொடுத்துவிடுங்கள்.

பிரித்தானியர் காலத்தில் ஊரார் வாக்களித்துக் கள்ளு, சாராயம் விற்கும் தவறணையை மூடும் முறையே இங்கே இருந்தது. யாழ்ப்பாணத்தில் அதைப் பயன்படுத்திய ஊர்கள் உண்டு. இன்று வாக்குச்சீட்டு இல்லை, கடிதம் இருக்கிறது.

கடைக்காரர் எங்கள் ஊர் ஆள். முறைப்பாடு செய்ய மனம் வரவில்லை.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். இரண்டு மூன்று பேர், மரியாதையாக. "அண்ணை, 21 வயசுக்குக் குறைஞ்ச பெடியளுக்குக் குடுக்காதேங்கோ, சந்தேகமெண்டால் அடையாள அட்டையைக் கேளுங்கோ. ஊர் உங்களோடை நிக்கும்." கல்லாவில் நிற்கும் சம்பளக்காரத் தம்பிக்கும் இது உதவி. "ஊர்ச் சங்கம் சொல்லியிருக்கு" என்று அவரால் பெடியளிடம் சொல்ல முடியும். அதற்குப் பிறகும் நடந்தால் எழுத்தில் முறைப்பாடு. பொலிசாரும் மதுவரி உத்தியோகத்தர்களும் மட்டுமல்ல, பொதுச் சுகாதார பரிசோதகரும் இந்தச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கக்கூடியவர்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். ஆதாரம் எடுப்பதற்காக ஒரு பிள்ளையைக் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

இது சீவல் தொழிலாளரின் வயிற்றில் அடிக்கும் வேலையாகிவிடாதா?

ஆகக் கூடாது. மதுவுக்கு எதிரான பேச்சு இந்த மண்ணில் ஒரு சமூகத்துக்கு எதிரான பேச்சாகத் திரிந்துபோன நேரங்கள் உண்டு. அந்தப் பாதையில் ஒரு அடிகூட வைக்க வேண்டாம். உயிரைப் பணயம் வைத்து மரமேறுகிறவரின் உழைப்பில் குற்றம் இல்லை. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் தவறணைகளும் 21 என்ற வயதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. உண்மையில் அந்தச் சங்கங்களைக் கூட்டத்துக்கு அழைத்துப் பங்காளியாக்குவதுதான் சரி. கருப்பநீரும் பனங்கட்டியும் பனம்பாணியும் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்குள் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நன்மை. கோயில் திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் கருப்பநீர் கொடுப்பதை ஏன் யோசிக்கக் கூடாது?

ஊர் முழுதும் சேர்ந்து செய்து வென்ற இடம் உலகத்தில் எங்காவது உண்டா?

ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். மதுசாரம் வாங்கும் வயதை 20 ஆக வைத்து விளம்பரத்தைத் தடைசெய்தார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே நிற்க நேரம் குறித்தார்கள். பெற்றோர் ஒன்றுகூடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், தாங்களே வீதியில் சுற்றியும் வந்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் நகரசபைகள் காசு கொடுத்தன. ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் கேட்டு, வந்த முடிவை அந்தந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

அங்கத்தைச் செல்வம் எங்களிடம் இல்லை. ஆனால் மைதானம், வாசிகசாலை, அறநெறி வகுப்பு, மிருதங்க வகுப்பு, கரப்பந்தாட்ட வலை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பல இடங்களில் மாலை ஆறரைக்கு விளக்கு இல்லாததால் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மின்விளக்கும், திறப்பு வைத்திருக்கும் ஒரு ஆளும் ஒரு ஊருக்குப் பெரிய செலவில்லை.

என் மகன் குடித்துவிட்டு வந்தான். என்ன செய்வது?

அன்றிரவு பேச வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பாதுகாப்பாகப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் இருங்கள். மறுநாள், தனியாக, அமைதியாக: எங்கே, யாரோடு, யார் வாங்கித் தந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியமானது, அது தண்டிப்பதற்கான கேள்வி இல்லை என்பது அவனுக்கு விளங்க வேண்டும். "மானம் போச்சு" என்று தொடங்கினால் கதவு அன்றோடு மூடிவிடும். கூட்டாளிகளின் பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். நாலு வீடும் ஒரே நேரத்தில் ஒரே விதியைச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சாக்கு இராது. "எந்த நேரமென்றாலும் போன் எடு, வந்து ஏற்றிக்கொண்டு வருவேன், அப்போது ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். குடித்தவன் ஓட்டும் மோட்டார் சைக்கிளில் அவன் ஏறாமல் இருக்க இந்த வாக்கு ஒன்று போதும்.

குடித்த பிள்ளை எழுப்ப எழும்பவில்லை என்றால்?

"நித்திரை கொண்டால் தெளிந்துவிடும்" என்று விட்டுவிடாதீர்கள். எழுப்ப முடியாமை, மூச்சு மெதுவாதல், ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்துச் செக்கனுக்கு மேல் இடைவெளி, உதடு நீலம் பாய்தல், உடம்பு குளிர்தல், மயக்கத்திலேயே வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 1990. சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். அது வரும்வரை பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டைக்குள் போகாமல் இருக்க. வாய்க்குள் விரல் விட்டு வாந்தியெடுக்க வைக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், கோப்பி வேண்டாம். என்ன குடித்தான் என்பதை வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

அப்பாவே தினமும் குடிக்கிறார். பிள்ளைக்கு எந்த முகத்தோடு சொல்வது?

தாய்மார் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி இது. பிள்ளையிடம் உண்மையைச் சொல்லலாம்: அப்பா கெட்டவர் இல்லை, அவரால் இப்போது விட முடியவில்லை, நீ தொடங்காமல் இருந்தால் உனக்கு இந்தக் கஷ்டம் வராது. தகப்பனும் வாய் திறந்து இதையே சொன்னால் அதற்குப் பலன் அதிகம். பிள்ளையைப் போத்தல் வாங்க அனுப்புவதையும், அவன் முன்னால் குடிப்பதையும் நிறுத்துவது அவர் எடுக்கக்கூடிய முதல் படி.

நீண்ட நாள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று முழுதாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிராபத்தும் உண்டு. ஆகவே கோயிலில் சத்தியம் வாங்குவதோடு நிறுத்தாமல் வைத்தியசாலைக்கும் கூட்டிப் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு தேவையில்லை.

யாருக்கு அழைப்பது?

உயிராபத்து என்றால் 1990. பிள்ளையை யாராவது குடிக்க வற்புறுத்துகிறார்கள், குடிபோதையில் பிள்ளைக்குத் துன்பம் நடக்கிறது என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. கசிப்பு, அனுமதியில்லாத விற்பனை, வயது குறைந்தவருக்கு விற்றல் பற்றி மதுவரித் திணைக்களத்துக்கு 1913. உடனே பொலிஸ் தேவை என்றால் 119. மனம் விட்டுப் பேச, குடியை விட உதவி கேட்க 1926, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். நேரில் போவதென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். அவர் களத்துக்குப் போயிருக்கும் நாளாக இருந்தால், வாசலில் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, எப்போது இருப்பார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.